கலா, உன் சட்டம் நம் தோட்டத்துக்கு வந்துவிட்டது

என் அருமை நாத்தனாரே, அமெரிக்கா தேசத்து எம்.எல்.ஏ. அம்மா, எங்கள் வூட்டுக் கலாவே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு நான் வாய்விட்டு அழுதது உன்னைப் பார்த்து இல்லை. ஒரு துணி சோப்பு விளம்பரத்தைப் பார்த்து.

உங்கள் சட்டசபையில் உனக்கு அஞ்சலி செலுத்திய வீடியோவின் லிங்கை உன் மகள் மீரா அனுப்பியிருந்தாள். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைத் திறந்தேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண், உன்னைப் போலவே குட்டை முடி, ஜன்னலோரம் நின்று சிரித்தாள். அவ்வளவுதான், தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என்னைப் பார்த்துப் பக்கத்துக் கடை பாத்திமா அக்கா அழுதாள். மூட்டை தூக்குகிறவர்கள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். அப்புறம் அந்தப் பெண் ஒரு வெள்ளைச் சட்டையை உதறிக் காட்டி, சோப்புப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தாள். பாத்திமா அக்காதான் மெதுவாக, "நல்ல சோப்புதான், நானும் வாங்கியிருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நிஜ வீடியோவை நான் அழாமல் பார்த்தேன். கண்ணீர் சோப்புக்காரிக்கே செலவாகிவிட்டது. உன் நாற்காலி காலியாக இருந்தது. மேஜை மேல் வெள்ளைப் பூ. சபைத் தலைவர் உன் பெயரை வாசித்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களும் நின்றார்கள். நீ இருந்தபோது உன்னை உட்காரச் சொல்லிக் கெஞ்சியவர்கள், நீ போனதும் உனக்காக எழுந்து நிற்கிறார்கள். இதைப் பார்க்க நீ இருந்திருந்தால் அதையும் சொல்லிக் காட்டியிருப்பாய்.

இந்தக் கடிதத்தை உன் நினைவு மலரில் அச்சடிக்கப் போகிறார்களாம். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நீ மைக் பிடித்தபோது நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா?

நான் அஞ்சாவது வரை படித்தவள். நீ சேலத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மற்ற நாத்தனார்கள் புதுப்பெண்ணிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள். நீ கல்யாணமான மறுநாள் காலையில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணி, உங்க நகை உங்களோடது. எங்கப்பா கேட்டாலும் குடுக்காதீங்க. எங்கண்ணன் கேட்டா சுத்தமா குடுக்காதீங்க" என்றாய். உன் முதல் கட்சிக்காரி நான்தான். ஃபீஸ்தான் இதுவரை வாங்கவில்லை.

அந்த வருஷக் கோடையில்தான் மாரியம்மா மயங்கி விழுந்தாள். நம் தோட்டத்தில் தக்காளி பறிக்க வருகிறவள், செல்விக்கு அம்மா. செல்வி அப்போது கைக்குழந்தை. தோட்டத்தில் ஒரு மரம் கிடையாது. நிழல் விழுந்தால் காய் பழுக்காது என்று என் மாமனார் வரப்பில் ஒரு முருங்கைக் குச்சி நடக்கூட விடமாட்டார். மாரியம்மாவுக்குத் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். மாமனார் வந்து பார்த்தார்.

"வெயிலு என்ன இன்னைக்கா புதுசா அடிக்குது?" என்றார். "எந்திரிச்சிப் பறிங்க. வண்டி வந்துடும்."

நீ வூட்டுக்கு ஓடினாய். உங்கப்பா மத்தியானம் படுக்கிற கயிற்றுக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாய். வயலுக்கு நடுவில் அதை நிமிர்த்தி நிறுத்தி, மேலே சாக்கைப் போட்டு, அந்த நிழலில் மாரியம்மாவையும் குழந்தையையும் உட்கார வைத்தாய். கட்டில் சாயாமல் நீயே பிடித்துக்கொண்டு நின்றாய்.

"வெயிலு நாளைக்கும் வரும்ப்பா. மாரியக்கா வருமா?" என்றாய்.

மாமனார் படுக்கக் கட்டில் இல்லாமல் அன்று மத்தியானம் முழுவதும் வூட்டுக்கும் தோட்டத்துக்கும் நடந்தார். அந்தக் கட்டிலை நீ எப்போதாவது நினைத்துக்கொண்டாயா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

பிறகு தருமபுரி கோர்ட்டில் கொஞ்ச காலம் கறுப்புக் கோட்டுப் போட்டாய். கல்யாணமாகி அமெரிக்கா போனாய். அங்கே உன் படிப்பு செல்லாது, மறுபடி படி என்றார்கள். கைக்குழந்தையோடு திரும்பவும் சட்டம் படித்தாய். வக்கீல் பரீட்சையில் முதல் தடவை தோற்றுவிட்டு எனக்குத்தான் போன் போட்டாய். "அண்ணி, பெயிலாயிட்டேன்" என்றாய். "அஞ்சாவதுல நானும் பெயிலுதான், வா, நம்ம ஜாதியில சேர்ந்துக்கோ" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்தாய். அடுத்த தடவை பாஸானதும், "உங்க ஜாதியிலேர்ந்து வெலகிட்டேன்" என்று போன் போட்டவளும் நீதான்.

வக்கீலானதும் பெரிய கம்பெனிகளுக்குப் போவாய் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார். நீ தக்காளித் தோட்டத்துக்குப் போனாய். அங்கே பறிக்க வருகிறவர்கள் வேறு தேசத்துக்காரர்கள், வேறு பாஷைக்காரர்கள். கூலி பிடித்துக்கொண்டால், வீட்டைக் காலி செய்யச் சொன்னால், உன்னிடம்தான் வருவார்களாம். அவர்கள் பாஷையையும் படித்துக்கொண்டாய். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேரம் பேசுகிற சந்தையில் வளர்ந்தவளுக்கு இன்னொரு பாஷை என்ன பாரமா?

அப்புறம் ஒரு நாள் எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நிற்கிறேன் என்றாய். உன் அண்ணன், "எந்தக் கட்சி?" என்று கேட்கவில்லை. "எந்தச் சின்னம்?" என்றுதான் கேட்டார். சின்னமே கிடையாது என்றதும், "அப்ப ஜனங்க எப்படி ஓட்டுப் போடுவாங்க?" என்று அவருக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் தடவை நீ தோற்றபோது, "நான்தான் சொன்னேனே, சின்னம் இல்லைன்னு" என்றார். இன்றுவரை அதுதான் காரணம் என்று நம்புகிறார்.

இரண்டாம் தடவை நின்றபோது என்னையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டாய். பட்டுச்சேலையும் ஓடுகிற ஷூவும் போட்டுக்கொண்டு நான் உன் பின்னால் தெருத்தெருவாக நடந்தது என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. மேளம் இல்லை, பட்டாசு இல்லை, மாலை இல்லை. வேட்பாளரே நோட்டீசை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். துக்கம் சொல்லப் போகிற மாதிரி இருந்தது. ஒரு வீட்டில் வயசான வெள்ளைக்காரர் கதவைத் திறந்து என்னைக் காட்டி ஏதோ கேட்டார். நீ தலையாட்டினாய். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, உள்ளே உட்காரவைத்து, கேக் கொடுத்தார். வெளியே வந்ததும் என்ன கேட்டார் என்றேன்.

"இவங்க உங்க அம்மாவான்னு கேட்டாரு அண்ணி."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன். அம்மா கூட வந்தா ஓட்டு விழும்."

உனக்கும் எனக்கும் ரெண்டு வயசு வித்தியாசம், கலா. அந்தத் தெரு முழுக்க நான் உனக்கு அம்மாவாகவே நடந்தேன். நீ ஜெயித்தாய். என் வயசை விற்று வாங்கிய ஓட்டு அது.

ஜெயித்த பிறகும் வக்கீல் வேலையை விடவில்லை. சபை கூடுகிற நாளில் சபை, மற்ற நாளில் கோர்ட். சிவப்பு விளக்கு வைத்த கார் எங்கே என்று உன் அண்ணன் கேட்டதற்கு, உன் பழைய காரின் போட்டோவை அனுப்பினாய். பின் சீட்டில் கோர்ட் கட்டுகளும் ஒரு ஊறுகாய் ஜாடியும் இருந்தன. அந்தப் போட்டோவை அவர் யாருக்கும் காட்டவில்லை.

நீ கொண்டுவந்த சட்டம் ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. வெயில் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நிழல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், நடுவில் உட்கார நேரம் வேண்டும். முதலில் அது தோற்றது. தோட்ட முதலாளிகள் வந்து நின்று, இந்த அம்மாவுக்கு விவசாயம் என்ன தெரியும் என்றார்களாம். அடுத்த வருஷம் அதையே திரும்பக் கொண்டுவந்தாய். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டி, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாய். அந்தப் பேச்சை நாங்கள் இங்கே போனில் பார்த்தோம். எனக்கு அதில் புரிந்தது மூன்று வார்த்தைகள். மாரண்டஹள்ளி. மாரியக்கா. கட்டில்.

மீராதான் போனில் அர்த்தம் சொன்னாள். "நானும் தோட்டக்காரர் மகள்தான், எங்கள் தோட்டத்தில் நிழல் இல்லை" என்று ஆரம்பித்தாயாம். கட்டிலை நிமிர்த்தி நிறுத்தியது, உங்கப்பா கேட்டது, நீ சொன்னது எல்லாவற்றையும் சொன்னாயாம். பிறகு ஓட்டெடுப்பு. சுவரில் பெயருக்குப் பெயர் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் எரிந்தன. பச்சை கொஞ்சம் அதிகம். உன் அண்ணன் போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது.

கட்டிலைப் பற்றிய என் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

இனி இங்கத்திய சேதி. உன் அஸ்தியில் கொஞ்சம் மீரா கொண்டுவந்தாள். ஒகேனக்கலில் கரைத்தோம். அதற்குப் பிறகு ஊரில் படத்திறப்பு வைத்தோம். உன் அண்ணன் கல்யாண மண்டபத்தின் முகப்பை மறைக்கிற அளவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொன்னார். நீ சபையில் கோட்டுப் போட்டு நிற்கிற போட்டோவைக் கொடுத்தோம். ஊர்ப் பெரியவர்கள், கோட்டு மங்களகரமாக இல்லை என்றார்கள். ஃபிளெக்ஸ்காரர் கோட்டை எடுத்துவிட்டு யாருடைய பட்டுச்சேலையையோ உன் மேல் ஒட்டினார். அதில் உன் ஒரு கை காணாமல் போய்விட்டது. நீ ஜென்மத்தில் போடாத ஜிமிக்கி ரெண்டு காதிலும் தொங்கியது. மீரா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, யாரு இது?" என்று கேட்டாள்.

படத்திறப்பில் பெரிய மனிதர்கள் எல்லாம் பேசினார்கள். உன்னைத் தெரியாததால் சுருக்கமாகப் பேசினார்கள். கடைசியில் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மைக் பயம் கிடையாது, மண்டியில் கத்திப் பழகியவள். கட்டில் கதையை முழுக்கச் சொன்னேன். உங்கப்பா சொன்னதை அவர் குரலிலேயே சொன்னேன். உன் பதிலை உன் குரலில் சொன்னேன். "எங்க வூட்டுப் பொண்ணு போட்ட சட்டத்தால இன்னைக்கு அமெரிக்காவுல ஆயிரம் தோட்டத்துல நெழலு இருக்கு" என்று முடித்தேன். கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

பின்வரிசையில் செல்வி உட்கார்ந்திருந்தாள். மாரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது நமக்குப் பறிப்பு ஆட்களைக் கூட்டி வருகிறவள் செல்விதான். அவள் கைதட்டவில்லை. நான் அதைப் பார்த்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை.

ரெண்டு நாள் கழித்துப் பறிப்பு. தோட்டம் முழுக்கச் சிவந்து கிடந்தது. அன்றே பறிக்காவிட்டால் வெடித்துவிடும். செல்வியும் மற்றப் பெண்களும் நேரத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் தோட்டத்தில் இறங்காமல் ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்ன செல்வி, ஒடம்பு சரியில்லையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"கலாக்கா அமெரிக்காவுல ஆயிரம் தோட்டத்துக்கு நெழலு போட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"எங்கம்மா மயங்கி விழுந்தது எந்தத் தோட்டத்துலக்கா?"

கலா, அவள் பின்னால் தோட்டம் தெரிந்தது. ஒரு மரம் இல்லை. மாரியம்மா விழுந்த நாளில் இருந்த மாதிரியே இருந்தது. இத்தனை வருஷமாக உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். ஒரு தடவையாவது அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேனா?

உன் அண்ணன் வந்துவிட்டார். சிவந்த தக்காளியையும் உட்கார்ந்திருக்கும் பெண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அது அமெரிக்கா. அங்க சட்டம் வேற."

"வெயிலு ஒண்ணுதானுங்களேண்ணா" என்றாள் செல்வி.

"வெயிலு என்ன இன்னைக்கா புதுசா அடிக்குது?" என்றார் உன் அண்ணன்.

சொல்லி முடித்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது. அதே வார்த்தை, அதே குரல், இடுப்பில் கை வைத்திருந்ததுகூட உங்கப்பா மாதிரியேதான். படத்திறப்புக்கு வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அடுத்த வரி மனப்பாடம். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை.

"வெயிலு நாளைக்கும் வரும்ண்ணா" என்றாள்.

உன் அண்ணன் திரும்பி வூட்டுப் பக்கம் நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார், இன்றைக்குப் பறிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். நானும் அந்தப் பெண்களோடு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வேறெங்கே போவேன், சொல். நின்றால் உன் அண்ணன் கட்சி, உட்கார்ந்தால் உன் கட்சி. செல்வி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். ஒரு தோளில் சவுக்குக் கம்புகள். இன்னொரு தோளில், மாட்டுக்கொட்டகையில் மடித்து வைத்திருந்த உன் ஃபிளெக்ஸ். அதன் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு மீரா. வயலுக்கு நடுவே நாலு கம்பை நட்டார். ஃபிளெக்ஸின் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். உன் முகம் கீழ்ப்பக்கம். ஜிமிக்கியோடு நீ எங்களைக் குனிந்து பார்த்தாய்.

"ஏங்க, தங்கச்சி படத்தையா கட்டுறீங்க?" என்றேன்.

"அவதான சட்டம் போட்டா. அவளே புடிச்சிக்கிட்டு நிக்கட்டும்" என்றார். கட்டிய முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

பிறகு மீராவைப் பார்த்து, "பாரும்மா, உங்கம்மா சட்டத்துக்கு இது போதுமா?" என்று கேட்டார். அந்தப் பெண் உன்னை உரித்து வைத்திருக்கிறாள், கலா. நிழலுக்குள் போனாள். சுற்றிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள். வெளியே வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "நெழல் ஓகே மாமா. தண்ணி எங்க?" என்றாள்.

உன் அண்ணன் மறுபடி வூட்டுக்கு நடந்தார். குடத்தோடு வந்தார். செல்வி எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். அன்று வண்டி கொஞ்சம் தாமதம், ஆனால் ஒரு பழம் வெடிக்கவில்லை. மத்தியானம் எல்லோரும் உன் கீழே உட்கார்ந்து சோறு தின்றோம். செல்வி சாப்பிட்டுவிட்டு அப்படியே மல்லாந்து படுத்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேலை நல்லாருக்குக்கா. ஆனா ஒரு கையக் காணமே" என்றாள்.

இப்போது பக்கத்துத் தோட்டத்திலும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். செல்வி எங்கே போனாலும் முதல் கேள்வி நிழல்தான். மண்டியில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள், மைக் பிடித்தது நான் என்று. உன்னைத் திட்டியவர்களை நீ எப்படிச் சமாளித்தாய் என்று கேட்க இப்போது யாருக்குப் போன் போடுவது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தத் தோட்டத்தில் இனி நிழல் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் பறிப்பு நடக்காது. வரப்பில் மரக்கன்று நட்டிருக்கிறேன். அவை வளரும்வரை உன் ஃபிளெக்ஸ் இருக்கும். ஃபிளெக்ஸ் கிழிந்தால் உன் அண்ணனின் வேட்டி இருக்கும். அதுவும் கிழிந்தால் அந்தக் கயிற்றுக் கட்டில் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது. நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள எனக்கு ரெண்டு கை இருக்கிறது, உன் படத்தைப் போல இல்லை.

கடைசியாக ஒரு சின்னச் சேதி. போன வாரம் கோடை மழைக்கு முன்னால் அடித்த காற்றில் நீ கட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிப் போய் பக்கத்துத் தோட்டத்து எருமை மேல் விழுந்தாய். எருமை உன்னைப் போர்த்திக்கொண்டே பாலக்கோடு ரோட்டில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய் நின்றது. பஸ்சும் நின்றது. கண்டக்டர் இறங்கி உன்னைக் கழற்றி, மடித்து, "உங்க எம்.எல்.ஏ.தானுங்க?" என்று என்னிடம் கொடுத்தார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் இடது ஜிமிக்கியை மட்டும் தின்றுவிட்டது.

இப்படிக்கு,
உன் அண்ணி,
ஓட்டுக்காக ஒரு தெரு முழுக்க உன் அம்மா.